சிவப்புக் குறி விழும் முன்

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு நூலகத்தின் தொலைபேசி அடித்தது.

"சர்ஜரி வார்டுலேர்ந்து பேசறேன். உங்க தங்கச்சி இன்னும் வரலையே?"

பெரியவள் கையில் இருந்த ரப்பர் முத்திரையை அப்படியே மேஜையில் வைத்தாள். "எட்டரைக்கே கிளம்பிட்டேன்னு மெசேஜ் போட்டாளே சிஸ்டர்?"

"கிளம்பினவங்க வந்து சேரணும்ல? பெட் காலியாத்தான் கிடக்கு. நாலு மணி வரைக்கும் பிடிச்சு வெப்பேன். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

"நானே கூட்டிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க. தள்ளிப் போடற கேஸ் இல்லன்னு டாக்டர் பெரிய எழுத்துல எழுதி வெச்சிருக்கார்."

டாக்டர் எழுதியது மட்டுமில்லை, வாயாலும் சொல்லியிருந்தார். குளிக்கும்போது சின்னவளின் மார்பில் கைக்குத் தட்டுப்பட்ட கட்டி. ஊசி குத்திச் சோதித்து, அதன் பெயரையும் சொல்லிவிட்டார்கள். இன்னும் சின்னதாக இருக்கிறது, இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். அக்காளும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். பக்கத்தில் சின்னவளின் கணவனும் நின்றான். நாளைக் காலை ஆபரேஷன். இன்றைக்குப் போய்ப் படுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தங்கை வீட்டுக்கு இருந்த நாலு தெருவையும் பெரியவள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

சின்னவள் வீட்டின் முன்னறைதான் அவள் தையல் கடை. வெட்டு மேஜை, இரண்டு மெஷின், ஆள் உயரக் கண்ணாடி. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் மூன்று குண்டூசி. எதிர் ஃபிளாட்டு அம்மாளை முக்காலி மேல் நிற்க வைத்து, பாவாடை விளிம்பை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள் சின்னவள்.

"என்னடி இது?"

சின்னவள் ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "பாத்தா தெரியல? உயரம் குறைக்கிறேன்."

"ஆஸ்பத்திரி?"

"போகல."

"கிளம்பிட்டேன்னு எழுதின?"

"கிளம்பினேன். பொய் சொல்லல. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பெஞ்சுல உட்கார்ந்து இன்னொரு தடவை படிச்சுப் பாத்தேன். திரும்பிட்டேன்."

"எதைப் படிச்ச?"

சின்னவள் போனை நீட்டினாள். பெரியவள் முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். மேலே அவள் நூலகத்தின் பெயரும் சின்னமும். கீழே 'செவ்வாய் வகுப்பு' என்று தேதியோடு. நடுவில் கொட்டை எழுத்து:

'கட்டியில் கத்தி பட்டால் உடம்பு முழுக்கப் பரவும். அறுக்காதீர்கள். நாற்பது நாள் பச்சிலைச் சாறு குடித்தால் கட்டி தானே கரையும்.'

"இது என் படம்" என்றாள் பெரியவள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அடியே, இது பொய்க்கு உதாரணம்! போன்ல வர்ற வைத்தியத்தை நம்பாதீங்கன்னு சொல்லிக் குடுக்கறதுக்காக நானே தேடிப் பிடிச்சு வெச்ச பொய். முதல்ல இதைத் திரையில போடுவேன். உண்மைன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க, பொய்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னு கேப்பேன். அப்புறம் பட்டனைத் தட்டுவேன். இது மேல பெருசா சிவப்புக் குறி விழும், 'பொய்'னு. எவரோ அந்தக் குறி விழறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துட்டாங்க."

முக்காலி மேல் நின்ற அம்மாள், "எனக்கும் வந்துச்சு. நூலகம்னு போட்டிருந்ததால நானும் எங்க மூத்த மருமகளுக்கு அனுப்பினேன்" என்றாள்.

"நீங்க ஆடாம நில்லுங்கம்மா, கோணிக்கப் போகுது" என்றாள் சின்னவள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "உன் வகுப்புச் சுவத்துல மூணு கேள்வி ஒட்டி வெச்சிருக்கியே, அதை வெச்சுத்தான் நான் பாத்தேன். இதை யார் சொல்றா? உன் நூலகம். எப்ப சொன்னா? தேதி போட்டிருக்கு. இதைச் சொல்லி எதையாவது விக்கிறாங்களா? விக்கல. மூணுலயும் பாஸ்."

"அது பொய்னு இப்ப நான் சொல்றேன். உன் கூடப் பொறந்தவ சொல்றேன்."

"சொந்தக்காரங்க சொல்றாங்கன்னு நம்பாதீங்க, அதுலதான் எல்லாரும் ஏமாறாங்க. இதையும் நீதான் சொன்ன."

பெரியவள் போனை அவளிடமே திருப்பி நீட்டினாள்.

"ஒன்பது நாளா குடிக்கிறேன்க்கா. இளகின மாதிரி இருக்கு."

"மாதிரியா, இளகிச்சா?"

"என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடி! தெரிஞ்சிருந்தா டாக்டர் எதுக்கு?"

"கத்தாத. கஸ்டமர் இருக்காங்க."

"நான் வேணா அப்புறம் வரட்டுமா?" என்றாள் எதிர் ஃபிளாட்டு அம்மாள், இறங்குகிற எண்ணமே இல்லாமல்.

பெரியவள் வெட்டு மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள். யோசனை ஓடியது. தான் சொல்லி நம்பவில்லை. படம் எடுத்தவரே வந்து, 'ஆமாம்மா, குறி விழறதுக்குள்ள அவசரப்பட்டு எடுத்துட்டேன்' என்று சொன்னால்? அதை மறுக்க முடியாதே. இன்றைக்கும் பன்னிரண்டரைக்கு வகுப்பு. எடுத்தவர் அங்கேதான் இருப்பார்.

"மூணு மணிக்குள்ள வரேன். பையை எடுத்து வெச்சு ரெடியா இரு."

"நீ வா. வர வேண்டாம்னு நான் சொன்னேனா?" என்றாள் சின்னவள், மறுபடி ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு.

நூலகத்தின் பின்கூடத்தில் அன்றைக்கு இருபத்திரண்டு நாற்காலி. காலை நடைக்காரர்கள் சங்கம் ஒரு பக்கம், ஓய்வூதியர்கள் ஒரு பக்கம். கடைசி வரிசை பஸ் டிப்போக்காரர்களுக்கு. டிரிப் முடித்து வருகிறவர்கள் பாதியில் எழுந்து போக வசதியாக அந்த வரிசை. இன்று அது காலி.

பெரியவள் சுற்றி வளைக்கவில்லை. போனில் சுற்றும் படத்தையே திரையில் போட்டாள்.

"இதை எடுத்தது யாரு? நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு அவசரமாத் தெரியணும்."

எதற்கெடுத்தாலும் 'ஏன்?' என்று கேட்பதால் ஏன்ஐயா என்று பெயர் வாங்கிய முன்னாள் தபால்காரர்தான் முதலில் எழுந்தார்.

"ஏன் மேடம், அது நீங்க சொன்னதுதானே?"

"பொய்னு சொன்னேன் ஐயா. சிவப்புக் குறி விழுந்துச்சே, பாக்கலையா?"

"நான் அப்ப கண்ணாடி துடைச்சிட்டிருந்தேன்."

கூடம் சிரித்தது. பெரியவள் சிரிக்கவில்லை.

"எத்தனை பேர் இதை அடுத்தவங்களுக்கு அனுப்பினீங்க?"

கைகள் எழுந்தன. இரண்டு மாதமாக அவள் எந்தக் கேள்வி கேட்டும் இத்தனை கை எழுந்ததில்லை.

"சரி. இப்ப குறி விழுந்த படத்தைப் போடறேன். எல்லாரும் போட்டோ எடுத்து, அனுப்பின அத்தனை பேருக்கும் திருப்பி அனுப்புங்க. நம்ம தப்பை நம்மதான் திருத்தணும்."

நடைக்காரர் சங்கத் தலைவி தயங்கினாள். "எங்க நாத்தனாருக்கு நான் அனுப்பி, அவங்க எனக்குக் கும்பிடு போட்டு பதில் எழுதியிருக்காங்க மேடம். முப்பது வருஷத்துல முதல் தடவை. இப்ப போய்ப் பொய்னு சொன்னா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

"உயிர் போற விஷயம்மா."

"ஒரு சாறு குடிச்சா உயிர் போயிடுமா?"

"சாறால போகாது. சாறை நம்பி ஆபரேஷனுக்குப் போகாம இருந்தா போகும்."

"ஏன் மேடம்" என்றார் ஏன்ஐயா மறுபடி, "இந்தச் சிவப்புக் குறியை வேற யாராவது போட்டிருக்கலாம்ல? படத்துல கோடு சேக்கறது ரெண்டு நிமிஷ வேலைன்னு நீங்கதானே அன்னிக்கு செஞ்சு காட்டினீங்க. குறி இல்லாத படம் முதல்ல வந்துச்சு. குறி போட்டது அப்புறம் வருது. எது அசல்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவர் குதர்க்கம் பேசவில்லை. நல்ல மாணவராகத்தான் கேட்டார்.

பெரியவள் பதில் தேடுவதற்குள் அவரே திரையருகே போய் மூக்கை ஒட்டினார். "யார் எடுத்ததுன்னுதானே கேட்டீங்க? கீழ் ஓரத்துல பாருங்க, காக்கியில ஒரு தொப்பி விளிம்பு தெரியுது. டிப்போ தொப்பி. இடது ஓரத்துல ஜன்னல் கம்பி. கடைசி வரிசை, ஜன்னல் பக்கம்." திரும்பி, உதவி செய்துவிட்ட பெருமையோடு சொன்னார்: "உங்க மாப்பிள்ளை உட்கார்ற இடம் மேடம்."

சின்னவளின் கணவன். முதல் வாரத்திலிருந்து, இன்று தவிர, ஒரு வகுப்பு விடாதவன். எந்தப் படத்தைப் போட்டாலும் சரியான பக்கம் கை தூக்குகிறவன்.

பெரியவளுக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டு ஆளாகப் போயிற்று, நல்லது. அவனே சொன்னால் அவள் நம்புவாள். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு டிப்போவுக்கு ஆட்டோ பிடித்தாள்.

டிப்போ ஓய்வறையில் அவன் மட்டும் இருந்தான். நீளப் பெஞ்சு, சுவர் முழுக்க டிரிப் அட்டவணை, மூலையில் தண்ணீர்க் குழாய். முகம் கழுவிவிட்டுத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க அண்ணி. அவ வார்டுக்குப் போயிட்டாளா?"

"போகல."

அவன் மறுபடி உட்கார்ந்தான். ஏன் என்று கேட்கவில்லை.

"மாப்பிள்ளை, அந்தப் படம் நீங்க எடுத்ததுதானே? பரவாயில்ல, பதறாதீங்க. குறி விழறதுக்குள்ள கை பட்டுருக்கும். தெரியாம நடந்தது. ஒரு நடை வந்து அவகிட்ட அதைச் சொல்லிட்டீங்கன்னா..."

"தெரியாம எடுக்கல அண்ணி."

"என்ன?"

"பொய்னு தெரியும். பொய்ங்கற பக்கம்தான் கை தூக்கினேன். நீங்ககூட, 'பாருங்க, டிரைவர் தம்பி டக்குனு கண்டுபிடிச்சுட்டார்'னு சொன்னீங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வலது கையைத் தூக்கினேன். இடது கையால எடுத்தேன்."

வெளியே ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்தது. 'போகட்டும், போகட்டும்' என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான்.

"ஏன் மாப்பிள்ளை?"

"எங்க அம்மாவை நான்தான் தள்ளிட்டுப் போய் ஆபரேஷன் ரூம் வாசல்ல விட்டேன். 'சாயங்காலம் வரும்போது என் சீப்பை எடுத்துட்டு வாடா'ன்னாங்க. எடுத்துட்டு வந்தேன். வாங்கிக்க ஆள் இல்ல."

"அது வேற வியாதி. எத்தனை வருஷத்துக்கு முன்னாடி."

"தெரியும்."

"இவளுக்கு இப்ப எடுத்தா பிழைப்பா. டாக்டர் சொன்னாரே, நீங்களும்தான் கேட்டீங்க."

"கேட்டேன். புரிஞ்சுது. நீங்க வகுப்புல சொன்னதும் அத்தனையும் மனப்பாடம். யார் சொன்னா, எப்ப சொன்னா, எதை விக்கிறா. ஆனா ஆபரேஷன் தேதி வந்ததுலேர்ந்து என்னால பிரேக்கை ஒழுங்கா மிதிக்க முடியல அண்ணி. அந்தக் கதவு வாசல்ல இவளையும் நான் விடணும். என்னால முடியாது. அதான் அந்தப் படம் இவ கண்ணுல படட்டும்னு குரூப்ல போட்டேன்."

"எடுக்கலைன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா அது நாளைக்கு ஆகாதே."

பெரியவள் அவனை அடித்திருப்பாள். அவன் முகத்தில் வழிந்தது குழாய்த் தண்ணீர் மட்டுமில்லை என்று தெரிந்ததால் கையை மடக்கிக்கொண்டாள்.

"எழுந்திரிங்க. டிரிப்பை யார்கிட்டயாவது மாத்தி விடுங்க. ஆட்டோ நிக்குது."

"அவகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

"பாக்கறதுக்கு முதல்ல அவ இருக்கணும்."

மூன்று இருபத்தைந்துக்கு மூவரும் முன்னறையில் நின்றார்கள். எதிர் ஃபிளாட்டு அம்மாள் போய்விட்டிருந்தாள். ஆட்டோ வாசலிலேயே நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கால் மணி நேரம். இன்னும் எட்டிப் பிடிக்கலாம்.

சொல்ல வேண்டியதை அவன் சொல்லி முடித்தான். நாலே வாக்கியம். சீப்புக் கதையைச் சொல்லவில்லை. அதைப் பெரியவள்தான் சொன்னாள்.

சின்னவள் அழவில்லை, கத்தவுமில்லை. கழுத்து நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"தினமும் காலையில சாறு அரைச்சுக் குடுத்தது நீங்கதானே?" என்றாள் கணவனிடம்.

"ஆமா."

"இன்னிக்கும்."

"ஆமா."

"குடிம்மா, நல்லா கேக்கும்னு சொன்னீங்க."



"சரி, திட்டறதெல்லாம் அப்புறம்" என்றாள் பெரியவள். "நாளைக்கு முடியட்டும், நானும் கூட நின்னு திட்டறேன். இப்ப பையை எடு. பொய்னு தெரிஞ்சுபோச்சுல்ல? கிளம்பு."

"எது பொய்?"

"அந்தப் படம்டி!"

"படம் பொய். அதை எடுத்தவர் பொய். உன் மூணு கேள்விக்கும் அது பாஸ் ஆச்சே, அப்ப உன் பாடமும் பொய்." சின்னவளின் குரல் உயரவே இல்லை. "ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர் குடுத்தாங்களே, சீல் வெச்சு, தேதி போட்டு. அது மட்டும் எப்படிக்கா உண்மை?"

"அவர் டாக்டர்!"

"இவர் என் புருஷன்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"இத்தனை வருஷமா இவர் கையால குடுத்ததை ஏன்னு கேக்காம சாப்பிட்டிருக்கேன். இவர் முகத்தைப் பாத்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர், முகத்துல துணி கட்டிட்டு, எனக்கு மயக்க மருந்து குடுத்துட்டு வெட்டுவாராம். அவரை நான் எப்படி நம்பறது? சொல்லு. நீதானே நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கற?"

"நம்ப வேண்டாம். நம்பாமலே வந்து படு. கை கால் பிடிச்சுத் தூக்கிட்டுப் போறேன்."

"கையெழுத்து நான்தானே போடணும்?"

பெரியவள் தங்கையின் காலில்கூட விழுந்திருப்பாள். குனிந்தும் விட்டாள். சின்னவள் பின்வாங்கி உள்ளறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏய், திற! நேரமாச்சுடி!"

"நான் கொஞ்ச நேரம் யார் பேச்சையும் கேக்காம இருக்கேன்க்கா. உன் பேச்சும்தான்."

கணவன் கதவருகே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரியவள் தட்டினாள், கெஞ்சினாள், அம்மா பேரைச் சொன்னாள், செத்துப்போன அப்பாவை இழுத்தாள். கதவு திறக்கவில்லை. மூன்று ஐம்பதுக்கு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "வருவாங்களாம்மா?" என்றார். பத்து நிமிஷம் கழித்து அவராகவே போய்விட்டார்.

நாலு ஐந்துக்குப் பெரியவளுக்குப் போன் வந்தது.

"சர்ஜரி வார்டு. பெட் வேற பேஷன்ட்டுக்குக் குடுத்தாச்சு. மன்னிச்சுக்கங்க. அடுத்த தேதி ஏழு வாரம் கழிச்சுத்தான் இருக்கு. அதுக்குள்ள மறுபடி ஸ்கேன் எடுக்கணும். அதுல என்ன வருதுன்னு பாத்துட்டுத்தான் ஆபரேஷனே முடிவாகும்."

"அதுக்குள்ள பரவிட்டா?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா" என்றாள் நர்ஸ். பிறகு, "எப்படியாவது கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

அடுத்த அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து. பெண் குரல்.

"நூலக மேடமா? உங்க வகுப்பு நோட்டீஸ்லேர்ந்து நம்பர் எடுத்தேன். ஒரு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"எதுக்குங்க?"

"எங்க அம்மாவுக்கும் அதே மாதிரி கட்டிதான் மேடம். நாளைக்கு ஆபரேஷன். போறதா வேண்டாமான்னு வீட்ல ரெண்டு நாளா அடிதடி. இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. நூலக மேடமோட சொந்தத் தங்கச்சியே காலையில பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பிட்டாங்கன்னு. அவங்ககிட்ட பாவாடை தைக்கக் குடுத்தவங்களே கண்ணால பாத்து எழுதியிருக்காங்க. அதுக்கு மேல என்ன வேணும்? அம்மாவை வார்டுலேர்ந்து கூட்டிட்டு வந்துட்டோம்."

"ஐயோ, இருங்க! எந்த ஆஸ்பத்திரி? அது தப்புங்க. அந்தப் படம் பொய். நான் சொல்றேன், நூலகத்துலேர்ந்து நானே சொல்றேன்..."

"புரியுது மேடம்." அந்தக் குரல் தாழ்ந்து, நெருங்கி வந்தது. "வேலையில இருக்கீங்க. வெளிய நீங்க அப்படித்தான் சொல்லியாகணும். நீங்க பயப்படாதீங்க, யார்கிட்டயும் உங்ககிட்ட பேசினதா சொல்ல மாட்டேன். அம்மாவைக் கூட்டிட்டு வந்ததை எங்க குரூப்ல மட்டும்தான் போட்டிருக்கேன்."